பூமலை நாட்குறிப்பு: மழைக்குப் பின் ஒன்பதாம் நாள்

ஏப்ரல் 4

அலுவலகத் தோழிகளோடு சிங்கப்பூர்க் கரையோரப் பூந்தோட்டத்துக்குப் போய் சகுரா என்ற செர்ரிப் பூ பார்த்துவிட்டு வந்தேன். மலர்க்கூடத்துக்குள் நுழைந்ததுமே வெளியில் இருந்த புழுக்கம் போன இடம் தெரியவில்லை. உள்ளே எப்போதும் 23 முதல் 25 டிகிரி. கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெள்ளையும் வெளிர்சிவப்புமாகக் கிளைகள். கிமோனோ உடுத்தி வந்த பெண்கள் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வயதான சீனத் தம்பதி ஒரே கிளையைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்ப்பதே நன்றாக இருந்தது.

செர்ரி மரம் குளிரில் உறங்க வேண்டும். வேண்டிய அளவு குளிரை உள்வாங்கிய பிறகு சூடு ஏறினால்தான் மொட்டு விழிக்கும். பனியே பார்க்காத நம் ஊரில் அதைக் குறித்த வாரத்தில் பூக்கவைக்கிறார்கள் என்றால், தோட்டக்காரர்களின் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல.

திரும்பி வரும்போது ரயிலில் தோழிகளிடம் சொன்னேன்: குளிருக்குக் காத்திருக்கிற பூ நம் ஊரிலேயே ஒன்று உண்டு, புறா ஆர்க்கிட். அதற்குக் குளிர்காலமெல்லாம் வேண்டாம், ஒரு நல்ல மழை போதும். சீட்டும் வாங்க வேண்டாம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை வரட்டும், நாள் கணக்கு வைத்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 17

வந்துவிட்டது!

விடியற்காலை நாலரைக்கு ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டது. சுமத்ராக் காற்று. மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஊரையே புரட்டிப்போட்டுவிட்டுக் கிழக்கே போய்விடும். தாழ்வாரத்தில் காயப்போட்ட துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது கையில் மயிர்க்கூச்செறிந்தது. கைப்பேசியில் பார்த்தேன்: தூங்கப் போகும்போது 29 டிகிரி, இப்போது 23.

ஆறு டிகிரி. இது போதும்.

புறா ஆர்க்கிட் பற்றி முன்பு அங்கங்கே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இன்னொரு முறை. சிங்கப்பூரில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் தானாக வளர்கிற சின்ன ஆர்க்கிட் அது. நட்டவர் யாருமில்லை, காற்றில் பறந்து வந்த விதைதான். மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். வாரக்கணக்கில் ஆனாலும் நகராது. திடீரென்று வெப்பநிலை ஐந்தரை டிகிரி அளவுக்குச் சரிந்தால்தான் அதற்கு உத்தரவு கிடைக்கும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், மழை நனைத்த வட்டாரம் முழுவதும், ஒன்றையொன்று பார்த்திராத செடிகள் எல்லாம் ஒரே விடியலில் மலரும். சாயங்காலத்துக்குள் வாடிவிடும்.

ஏன் இப்படி ஒரே நாளில்? இந்தச் செடி தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்காது, இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். பூவின் ஆயுளோ ஒரு பகல். அந்த ஒரு பகலில் பக்கத்து மரத்துச் செடியும் பூத்திருக்க வேண்டும், தேனீயும் வர வேண்டும். மழையின் குளிரை எல்லாச் செடிகளும் ஒன்றாக உணர்வதால் நாள் பிசகுவதில்லை. இதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

சமையலறை நாட்காட்டியில் 26ஆம் தேதியைச் சுழித்துவைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "என்னம்மா, யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

ஏப்ரல் 19

அம்மாவைப் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, அழைத்துப் போனேன். முட்டிவலி என்பதால் தங்ளின் வாசல் பக்கமாக மெதுவாக நடந்தோம். காலை ஐந்து மணிக்கெல்லாம் திறந்துவிடுகிறார்கள், நள்ளிரவு வரை இருக்கலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு.

நாகலிங்க மரம் வந்ததும் அம்மா நின்றுவிட்டார். தண்டிலேயே பூத்திருந்தது. கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து, பாம்புப் படம்போல் கவிந்திருந்த மேல்பகுதியை விரலால் மெல்லத் தூக்கி உள்ளே பார்த்தார். "லிங்கம் இருக்குது பாரு." அந்த மரத்துக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்று பூவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தரையில் உதிர்ந்ததுதானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆர்க்கிட் தோட்டத்தில் வாண்டா மிஸ் ஜோக்கிம் நன்றாகப் பூத்திருந்தது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்துச் செடி. 1893இல் அதை இந்தப் பூமலைக்கு எடுத்து வந்து அப்போதைய பொறுப்பாளர் ரிட்லியிடம் காட்டினார். 1981இல் அதுவே தேசிய மலரானது. ஹில் ஸ்திரீட் ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறைக்கல்லை இப்போதும் பார்க்கலாம்.

ஆனால் இன்றைய நாளை நான் மறக்காமல் இருக்கப் போவது ஹோல்ட்டம் கூடத்தால்தான். 1920இல் கட்டிய பங்களா, இப்போது பூமலையின் வரலாற்றைச் சொல்லும் அரும்பொருளகம். ரப்பர் பற்றிய பகுதிக்கு முன்னால் அம்மாவுக்கு உட்கார இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு நான் வாசித்துக் காட்டினேன். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் ஹென்றி ரிட்லி இங்கே பொறுப்பேற்றார். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுப்பது எப்படி என்று வருடக்கணக்கில் சோதித்தார். பட்டையில் மீன்முள் போலச் சாய்வாகக் கீறி, அதே கீறலை மறுபடி மறுபடி மெல்லியதாகச் சீவினால் பால் நிற்காமல் வரும், மரமும் பிழைக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர். காப்பித் தோட்டம் போட்டிருந்த துரைமாரின் சட்டைப்பையில் ரப்பர் விதையைத் திணித்து அனுப்புவாராம். பித்துப் பிடித்த ரிட்லி என்று பெயர் வாங்கிக் கட்டிக்கொண்டார். மோட்டார் வண்டிகளுக்கு டயர் வேண்டிவந்ததும் மலாயா முழுக்க ரப்பர்க் காடானது. அந்தக் காட்டில் பால் வெட்டக் கங்காணிகள் கப்பல் கப்பலாக நம் ஆட்களைக் கூட்டி வந்தார்கள்.

அந்த ஆட்களில் ஒருவர் அம்மாவின் தாத்தா. அம்மா பிறந்தது ஜொகூரில் கூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்.

நான் வாசித்து முடித்ததும் அம்மா கையைக் காற்றில் நீட்டி, உளி பிடிப்பதுபோல் விரலை மடக்கி, இடமிருந்து வலமாகக் கீழ்ச்சாய்வில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். அவர் கையிலிருந்து அந்த வேலை போய் ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும். இழுப்பில் தடுமாற்றமே இல்லை. "பட்டையோட நிக்கணும். உள்ளே மரத்துல உளி பட்டுச்சுன்னா அந்த இடம் முண்டு விழுந்துரும், அப்புறம் அங்கே வெட்டவே முடியாது. எங்கம்மா என்னை அடிச்சதெல்லாம் அதுக்குத்தான்."

விடியறதுக்கு முன்னால் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்ற ஓட்டம், மங்கு என்ற கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றுவது, கீறலில் உறைந்த ஒட்டுப்பாலைத் தனியாகப் பிய்த்துச் சேர்ப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒரு வாக்கியம்: "மழை பேஞ்சா வேலை இல்லை. வேலை இல்லைன்னா சம்பளம் இல்லை. ராத்திரி மழைச் சத்தம் கேட்டா எங்கம்மா எழுந்து உட்கார்ந்துருவாங்க."

பள்ளிப்பிள்ளைகளை இங்கே கூட்டி வருகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பிள்ளைகள் ஆர்க்கிட் பார்க்கட்டும், அதோடு ஹோல்ட்டம் கூடத்துக்கும் வரட்டும். 2015இல் யுனெஸ்கோ இந்தத் தோட்டத்தை உலக மரபுடைமைத் தலமாக ஏற்றதற்கு ரப்பர் ஆராய்ச்சியும் ஒரு காரணம். நம் குடும்பங்களில் பல இந்த மண்ணுக்கு வந்த கதை இந்தத் தோட்டத்து நாற்றங்காலில் தொடங்குகிறது. அதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 23

வேலை முடிந்து வந்ததும் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே உள்ள தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்த்தேன். இரண்டாவது கவட்டையில் தொங்கும் புறா ஆர்க்கிட் கொத்தில் மொட்டுகள் பருத்திருக்கின்றன. போன வாரம் அரிசி அளவு இருந்தவை இப்போது நிலக்கடலைப் பருப்பு அளவு. தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் நுனியில் வெள்ளை தெரிகிறது.

ஏப்ரல் 25

மதிய இடைவேளையில் பூமலைக்கு ஓடினேன். ஓர் இளைஞர் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அரியலூர்ப் பக்கம். வந்து மூன்று வருடமாகிறதாம்.

"நாளைக்கு இந்தக் கிளையெல்லாம் பூக்கும் தம்பி" என்றேன்.

"தெரியும்க்கா. மழை பேஞ்சு எட்டு நாளாச்சுல்ல. காலையில ஆறு மணிக்கு வந்தீங்கன்னா வாசனை தூக்கும். பத்து மணிக்கு மேல வராதீங்க, வெயில்ல போயிரும்."

புத்தகத்தில் படித்து நான் தெரிந்துகொண்டதை இவர் துடைப்பத்தோடு மரத்தடியில் நின்று தெரிந்துகொண்டிருக்கிறார்.

பேச்சு சிட்னிக்குப் போனது. 2025 ஜனவரியில் அங்கே டைட்டன் ஆரம் என்ற ராட்சதப் பிணமலர் பூத்தபோது அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அங்கிருக்கும் என் நாத்தனார் அனுப்பிய நேரலையை நானும் இரவு முழுக்கப் பார்த்தேன். சுமத்ராக் காட்டுச் செடி அது. ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். பூத்தால் ஒன்றிரண்டு நாள்தான். அழுகிய இறைச்சி நாற்றம் அடிக்கும்; நாற்றம் தூரமாகப் பரவ நடுத்தண்டு தானே சூடேறும். எல்லாம் பிணம் தின்னும் வண்டுகளையும் ஈக்களையும் வரவழைக்க. முதல் இரவு பெண்பூக்கள் தயாராகும், ஆண்பூக்கள் அதற்கப்புறம்தான் மகரந்தம் உதிர்க்கும். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன்.

அவர் ஒரு நொடி பார்த்தார். "இது நம்ம சேனைக்கிழங்கு மாதிரில்லக்கா இருக்கு?"

மாதிரி என்ன, அதே பேரினம்தான்! சேனைக்கிழங்கும் டைட்டன் ஆரமும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். "எங்க கொல்லையில ஒரு தடவை வெட்டாம விட்ட கிழங்கு பூத்துருச்சு. எலி செத்துக் கிடக்குன்னு வீடு பூரா தேடினாங்க. அப்பத்தாதான் கண்டுபிடிச்சுச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

ஏப்ரல் 26

அம்மா எனக்கு முன்னால் எழுந்து குளித்துத் தயாராகிவிட்டார்.

வாடகை வண்டியில் போய் இறங்கியபோது இன்னும் இருட்டு. ஏழு மணிக்குத்தான் இங்கே சூரியன் வரும். வாசலைத் தாண்டி இருபது அடி நடந்ததுமே வாசனை. மல்லிகை அளவுக்கு அழுத்தம் கிடையாது, சம்பங்கி போலத் தலைசுற்றவும் வைக்காது. லேசான இனிப்பு, மூச்சை இழுத்துத் தேடினால் காணாமல் போகும், விட்டுவிட்டு நடந்தால் திரும்ப வரும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

வெளிச்சம் வர வர மரங்கள் தெரிந்தன. கிளைகளின் மேல்புறம் முழுக்கப் பொரி தூவியது போல வெள்ளை. ஒரு மரம், அதற்கடுத்த மரம், ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த மரம். எங்கே பார்த்தாலும் பூ.

தாழ்ந்த கிளை ஒன்றில் கண்ணுக்கு நேராக ஒரு கொத்து. நெடுநேரம் அங்கேயே நின்றோம். பூ கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிது. இதழ்கள் வெண்மை, உதட்டின் நடுவில் மஞ்சள் தீற்று. பக்கவாட்டில் பார்த்தால் சிறகு விரித்த புறா. ஒரு தேனீ வந்து உதட்டில் இறங்கி உள்ளே புகுந்தது. பின்பக்கமாக வெளியே வந்தபோது முதுகில் மஞ்சளாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. மகரந்தத் திரள்! அப்படியே பறந்து அடுத்த கிளைக்குப் போனது. இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், கண் முன்னால் இது நடந்தது இன்றைக்குத்தான். சத்தம் போட்டுவிட்டேன். ஓட வந்தவர்கள் இரண்டு பேர் நின்று என்ன என்று கேட்டார்கள், காட்டினேன். தினமும் இந்த வழியாகத்தான் ஓடுகிறார்களாம், இந்தப் பூவை இதுவரை கவனித்ததே இல்லையாம். அவர்களும் பத்து நிமிடம் எங்களோடு நின்றார்கள்.

அம்மா கேட்டார்: "இது புல்லுருவியா? மரத்தைத் தின்னுதா?" இல்லை, மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர அதிலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, மழைநீரும் பட்டையில் சேரும் தூசியும் மட்கும்தான் அதற்குச் சாப்பாடு என்றேன். "மழையை நம்பி இருக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்கம்மா பார்த்திருக்கணும்" என்றார்.

சகுராத் தோழிகளுக்கு ஆறு மணிக்கே செய்தி அனுப்பியிருந்தேன். எட்டு மணிக்கு ஒருத்தி தன் வீட்டுக்கு எதிர்ச்சாலையில் இருந்து படம் அனுப்பினாள். பிடோக்கில் இருக்கிறாள், பூமலையிலிருந்து வெகுதூரம். அங்கேயும் கிளை முழுக்க வெள்ளை.

ஏப்ரல் 27

எல்லாம் சுருங்கி, மஞ்சளித்துத் தொங்குகின்றன.

மே 10

சிம்ஃபனி ஏரியில் சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழுவின் அன்னையர் தினக் கச்சேரி. இலவசம்தான், ஆனால் புல்வெளியில் இடம் பிடிக்க மூன்று மணிக்கே போக வேண்டும். பாயும் தேங்காய்ச் சாதமும் சுடுதண்ணீர்க் குடுவையுமாகப் போய்ச் சேர்ந்தோம். மேடை ஏரியின் நடுவில் இருக்கிறது. நாம் சரிவில் உட்கார்ந்து நீருக்கு அப்பாலிருந்து கேட்கிறோம்.

அம்மாவுக்கு மேற்கத்திய இசை பழக்கமில்லை. வயலின் வாசித்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவே தண்ணீர்க்கோழிகள் கத்தின, ஒரு குழந்தை தாளம் போட்டபடி சரிவில் உருண்டது. யாரும் எரிச்சல்படவில்லை. அரங்கத்துக்குள் காலெடுத்து வைக்கத் தயங்குகிற என் அம்மாவைப் போன்றவர்கள் இப்படிப் பாய் விரித்து உட்கார்ந்து இவ்வளவு பெரிய இசைக்குழுவைக் கேட்க முடிகிறது. நம் கலைஞர்களின் நாகஸ்வரமும் மிருதங்கமும் இந்த மேடையில் இன்னும் அடிக்கடி ஒலிக்க வேண்டும். அந்தச் சரிவும் அந்த நீரும் நாகஸ்வரத்துக்கென்றே அமைந்தவை. விடியலில் ஒரு கச்சேரி வைத்தால் நான் முதல் ஆளாக வருவேன்.

ஜூலை 5

புலி ஆர்க்கிட் பூத்திருக்கிறது!

ஆர்க்கிட் இனங்களிலேயே மிகப் பெரியது இது. பூமலையில் 1861இல் நட்ட புதர் ஒன்று இன்றும் இருக்கிறது. தோட்டம் தொடங்கியது 1859இல், ஆக கிட்டத்தட்ட தோட்டத்தின் வயதுதான் அதற்கும். இது புறா ஆர்க்கிட்டுக்கு நேர்மாறு. சில வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும், பூத்தால் வாரக்கணக்கில் நிற்கும். இப்போது பூத்திருப்பது வேறொரு புதர். என் தலைக்கு மேலே பூந்தண்டுகள் வளைந்து நிற்கின்றன. உள்ளங்கை அகலப் பூக்கள், மஞ்சள் தரையில் செம்பழுப்புப் புள்ளிகள்.

ஒரு தண்டை அடியிலிருந்து நுனிவரை நிதானமாகப் பார்த்தேன். கீழே முதலில் மலர்ந்த சில பூக்களுக்கு உதடே இல்லை. தேனீ இறங்க இடமில்லாத, காய்க்கவே முடியாத பூக்கள். இந்த இனத்தில் அது இயல்புதான், அந்தப் பூக்களின் வேலை மணம் பரப்புவது. மேலே இருக்கிற முழுப் பூக்களுக்காகத் தேனீக்களை அழைத்துக் கொடுக்கின்றன.

சிங்கப்பூர்க் காடுகளிலிருந்து இந்தச் செடி முற்றிலும் அழிந்துபோயிருந்தது. பூமலை ஆய்வுக்கூடத்தில் தூசி போன்ற விதைகளைக் கண்ணாடிக் குடுவைக்குள் முளைக்கவைத்து, 1999 முதல் நாடு முழுக்கச் சாலை மரங்களிலும் பூங்காக்களிலும் திரும்பக் கட்டிவைத்தார்கள். குடுவையில் ஆர்க்கிட் வளர்க்கும் வேலையை 1928இல் இங்கே தொடங்கிவைத்தவர் எரிக் ஹோல்ட்டம், நாங்கள் போன அந்தக் கூடத்துக்குப் பெயர் கொடுத்தவர். ஒரு செடியைக் காட்டுக்குத் திருப்பித் தர இத்தனை பேரின் கையும் பொறுமையும் தேவைப்பட்டிருக்கிறது. பாராட்ட வேண்டும், வாய்விட்டுப் பாராட்ட வேண்டும்.

ஜூலை 8

அம்மா கூலாயில் இருக்கும் சித்தியோடு ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசினார். புலி ஆர்க்கிட்டில் தொடங்கி, ஹோல்ட்டம் கூடத்துக்குப் போய், உளியில் முடிந்தது. சித்தியும் அம்மாவோடு பால் வெட்டப் போனவர்தான். சனிக்கிழமை முதல் பேருந்தில் காஸ்வே கடற்பாலம் தாண்டி வருகிறார். உட்லண்ட்ஸில் போய் நான் அழைத்துக்கொள்ள வேண்டும். தங்ளின் வாசலில் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று நாளைக்குக் கேட்டுவைக்க வேண்டும், இருவருக்கும் முட்டிவலி. புதர் இன்னும் மூன்று நான்கு வாரமாவது பூத்திருக்கும், நீங்களும் போய்ப் பாருங்கள்.